உன் பட்டியலைத் திருத்தி அனுப்புகிறேன்

ஸ்காபரோ, கனடா,
ஆனி மாதம்.

அன்புள்ள மருமகளுக்கு மாமா எழுதிக்கொள்வது.  

உன் அண்ணன் உனக்குக் கனன் 200டீ கமரா வாங்கித் தந்தான் என்று கோப்பாயிலிருந்து உன் அம்மா, என் அக்கா, சொன்ன அன்றே எனக்கு மனம் நிறைந்துபோனது. நம் குடும்பத்தில் எனக்குப் பிறகு படம் எடுப்பதைத் தொழிலாக நினைத்துக் கமராவைத் தூக்குகிற ஆள் நீதான். நல்லூர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறவரிடம் என்னென்ன கொடுத்துவிட வேண்டும் என்று நீ வட்ஸ்அப்பில் போட்ட பட்டியலை ஆறுதலாக இருந்து வாசித்தேன். 300 மில்லிமீற்றர் வரை இழுக்கும் லென்ஸ், பிளாஷ், நிறநிறமான பில்டர் செட், ரிங் லைட், ஜிம்பல், 256 ஜீபீ மெமரி காட், பெரிய கமராப் பை. இதில் அரைவாசிக்கு மேல் வெட்டிவிட்டேன். நீ எழுதாத சில சாமான்களைச் சேர்த்திருக்கிறேன். கோபிக்காமல் காரணத்தைக் கேள்.

உன் பட்டியலில் இருப்பவை யூடியூப்பில் வெளிநாட்டுப் பொடியள் சொல்பவை. அவர்கள் சொல்வதில் பிழை இல்லை. ஆனால் அவர்கள் இருப்பது குளிர்காலம் முழுக்க ஹீற்றர் ஓடி வீட்டுக்குள் காற்றே காய்ந்துபோகும் ஊர்களில். இங்கே என் பழைய லென்ஸ்கள் அலுமாரியில் வருடக்கணக்காகச் சும்மா கிடக்கின்றன. ஒரு பொட்டுப் பூஞ்சணம் பிடிக்கவில்லை. அதே லென்ஸைக் கோப்பாயில் ஒரு மாரி முழுக்கத் தோல் உறைக்குள் பூட்டி வைத்தால் தை பிறக்கும்போது கண்ணாடிக்குள் வெள்ளை நூல் ஓடியிருக்கும். ஆகவே துணைச்சாமான் வாங்குவதை லென்ஸிலிருந்து தொடங்காதே. உன் வீட்டைச் சுற்றியிருக்கும் காற்றிலிருந்து தொடங்கு.

கோப்பாய்க்கு மேற்கே உரும்பிராய், வடக்கே நீர்வேலி, எங்கும் செம்மண் தோட்டம். கிழக்கே கைதடி வீதியில் இறங்கினால் உவர் நிலமும் கடல்நீரேரியும். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம் அடிக்கும். அது மழை தராத காற்று. கொத்திப் போட்ட தோட்டத்துச் செம்புழுதியை அள்ளிக்கொண்டு வந்து யன்னல் கம்பியில் அப்பிவிட்டுப் போகும். ஐப்பசியில் காற்று வாடைக்குத் திரும்பி மாரி பிறந்தால் சுவர் கசியும், பாயும் தலையணையும் மணக்கும். உப்போ பன்னிரண்டு மாதமும் உண்டு. புழுதி, ஈரம், உப்பு மூன்றும் கமராவுக்கு ஆகாதவை. மூன்றும் உன் படலைக்கு வெளியே நிற்கின்றன.

அதனால் பட்டியலின் முதலாவது இடத்தில் நான் எழுதியிருப்பது ஈரம் புகாத பெட்டி. இதற்கென்று மின்சாரத்தில் ஓடும் அலுமாரிகள் விற்கிறார்கள். உனக்கு அது வேண்டாம். யாழ்ப்பாணம் ரவுனில் பிளாஸ்ரிக் சாமான் கடைக்குப் போய், மூடியின் உள்விளிம்பில் இறப்பர் வளையமும் நாலு பக்கமும் கொளுக்கியும் உள்ள 10 லீற்றர் அளவுப் பெட்டி ஒன்று வாங்கு. உள்ளே தண்ணீர் ஊற்றி மூடிக் கவிழ்த்துப் பார். ஒரு சொட்டு வெளியே வந்தாலும் அந்தப் பெட்டி வேண்டாம். அதற்குள் வைக்கச் சிறிய ஈரப்பதமானி ஒன்றும் சிலிக்கா ஜெல்லும் நான் அனுப்புகிறேன். 100, 150 கிராம் ஜெல் அந்தப் பெட்டிக்குப் போதும். மானி 40க்கும் 50க்கும் நடுவில் நின்றால் கமரா சுகமாக இருக்கும். 60ஐத் தாண்டினால் பூஞ்சணத்துக்கு வழி திறந்துவிட்டது என்று அர்த்தம். அதற்காக 30க்குக் கீழே இறக்கிவிடவும் கூடாது. இறப்பரும் உள்ளே பூசிய எண்ணெயும் காய்ந்துவிடும்.

ஜெல்லில் நீல நிறமும் உண்டு, செம்மஞ்சளும் உண்டு. நீலத்தில் கோபால்ட் கலந்திருக்கிறது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் ஓடித்திரிகிறபடியால் செம்மஞ்சளையே அனுப்புகிறேன். ஈரம் குடித்துக் குடித்து அது பச்சையாக மாறும். மாறினதும் எறிந்துவிடாதே. சமையலுக்குப் பாவிக்காத பழைய தாச்சியில் போட்டு, மெல்லிய நெருப்பில் கிளறிக்கொண்டிருந்தால் ஈரம் போய் மறுபடி செம்மஞ்சளாகும். நெருப்பைக் கூட்டிவிடாதே, கருகினால் பிறகு அது உதவாது. ஆறவிட்டுத்தான் பெட்டிக்குள் வை. அம்மம்மா அரிசியைத் துணியில் கட்டி வைக்கச் சொல்லுவா. அரிசி அவ்வளவு ஈரம் குடிக்காது, மாப்பொடியும் கொட்டும். பூச்சி உருண்டையும் கற்பூரமும் அந்தப் பெட்டிக்குள் போகவே கூடாது. அவற்றின் ஆவி பிளாஸ்ரிக்கையும் இறப்பரையும் கெடுக்கும். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும், அதை வெளியே எடுத்துவிடு. கிழமைக்கு ஒரு தடவையாவது கமராவைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் நாலு படம் அடி. பாவிக்கிற லென்ஸில் பூஞ்சணம் பிடிப்பது குறைவு.

இவ்வளவு நீளமாக இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பூஞ்சணம் கண்ணாடியின் மேற்பூச்சைத் தின்றுவிடும். துடைத்துச் சுத்தம் செய்தாலும் தழும்பு இருக்கும். உங்கள் நாட்டில் 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை போனபோது கமராச் சாமான்களின் விலையும் கூடவே ஏறியது. இப்போது ஒரு லென்ஸை இழந்தால் இன்னொன்றுக்குக் காசு சேர்ப்பது உன் வயதுப் பிள்ளைக்கு லேசான காரியம் இல்லை.

அடுத்தது ஊதுகுண்டு. கையால் அமுக்கினால் காற்று வரும் இறப்பர் குண்டு. விலை சொற்பம், வேலை பெரிது. லென்ஸில் தூசி விழுந்தால் முதலில் இதால் ஊது, பிறகு மெல்லிய தூரிகையால் தட்டு, அதற்குப் பிறகுதான் துணி. செம்மண் துகள் மணல்போலக் கூரானது. ஊதாமல் துணியைப் போட்டுத் தேய்த்தால் அது கண்ணாடியைக் கீறிக்கொண்டே போகும். வாயால் ஊதாதே, எச்சில் தெறிக்கும். சைக்கிள் கடைக் காற்றுக் குழாயின் பக்கமும் போகாதே. அதில் தண்ணியும் எண்ணெயும் கலந்து வரும். சேலைத் தலைப்பு, ரீசேட் நுனி எதுவும் லென்ஸைத் தொடக் கூடாது. மைக்ரோபைபர் துணி நாலு அனுப்புகிறேன். இரண்டைப் பையில் வை, இரண்டைக் கழுவிக் காயப்போடு. துடைக்கும் திரவத்தைத் துணியில் ஒரு சொட்டு விடு, நேரே கண்ணாடியில் விடாதே. கமராவின் உள்ளே இருக்கும் சென்சரில் தூசி தெரிந்தால் ஊதிப் பார். ஊதிப் போகாவிட்டால் கையை வைக்காமல் பழகினவரிடம் கொண்டுபோ.

நீரேரிப் பக்கம் போய்வந்த நாளில் இன்னொரு வேலையும் உண்டு. கமராவின் உடம்பை நல்ல தண்ணியில் நனைத்து முறுக்கிப் பிழிந்த துணியால் ஒரு தடவை துடைத்து, உடனே காய்ந்த துணியால் ஒற்று. உப்பு ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். துடைக்காமல் பெட்டிக்குள் வைத்தால் பெட்டியும் ஜெல்லும் இருந்தும் பயன் இல்லை. கொழும்பிலிருந்து ஏசி பஸ்ஸில் வந்து இறங்கினால் கமராவைப் பையை விட்டு உடனே எடுக்காதே. அரை மணித்தியாலம் பைக்குள்ளேயே இருக்கட்டும். குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஈரம் படிந்துவிடும்.

இனி மெமரி காட். நீ 256 ஜீபீ ஒன்று கேட்டிருக்கிறாய். நான் 64 ஜீபீயில் இரண்டு அனுப்புகிறேன். உன் கமராவில் ஒரு காட் போடத்தான் இடம் இருக்கிறது. ஒரே காட்டில் எல்லாவற்றையும் ஏற்றி, அது பழுதாகிப் போனால் ஒரு கலியாண வீடு முழுவதும் போய்விடும். ரோ முறையில் ஒரு படம் 25, 30 எம்பீ வரும் என்று வைத்தாலும் 64 ஜீபீயில் ஏறத்தாழ 2,000 படம் கொள்ளும். காட்டின் மேல் வி30 என்று போட்டிருக்கும். செக்கனுக்கு 30 எம்பீக்குக் குறையாமல் எழுதும் என்பது அதன் பொருள். உனக்கு அதற்கு மேல் வேகம் தேவையில்லை. அங்கே யாராவது மலிவாகப் பெரிய காட் தந்தால் வாங்காதே. உள்ளே 16 ஜீபீ மட்டும் இருக்க, வெளியே 256 என்று காட்டும் போலிகள் உலகம் முழுக்கச் சந்தையில் இருக்கின்றன. நிறையும்வரை எல்லாம் சரியாக ஓடும். நிறைந்த பிறகு எழுதுவதெல்லாம் காற்றோடு போகும். நான் அனுப்புவதையும் நம்பிவிடாதே. கணினியில் போட்டு முழுதாக நிரப்பி, எழுதினது அப்படியே திரும்பி வருகிறதா என்று சோதித்துப் பார். அதற்கு இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. படங்களைக் கணினிக்கு மாற்றின பிறகு காட்டைக் கமராவிலேயே போமற் செய். தெரியாமல் எதையாவது அழித்துவிட்டால் அந்தக் காட்டில் அடுத்த படம் எடுக்காமல் கழற்றி வைத்துவிடு. மேலே எழுதாதவரை மீட்க வழி உண்டு.

பற்றறி இரண்டாவது ஒன்று கட்டாயம். உன் கமராவில் கண்ணாடி வழியே பார்த்து எடுக்கும்போது நிற்கும் நேரத்தில் பாதிகூட, திரையைப் பார்த்து எடுத்தால் பற்றறி நிற்காது. அதுவும் நீ வீடியோ எடுக்கிற பிள்ளை. எங்கள் காலத்து ஆக்களுக்குப் பற்றறி என்ற சொல்லே வேறு விதமாகக் கேட்கும். 1990இல் சண்டை திரும்பத் தொடங்கினதோடு யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடையில் பற்றறியும் ஒரு தடைப்பொருள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி ரேடியோவில் செய்தி கேட்ட சனம் நாங்கள். நீயும் 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தாய். மின்சாரத்தை நம்பி வேலைக்குக் கிளம்பாதே. இரவே இரண்டையும் ஏற்றி, ஒன்றில் 1 என்றும் மற்றதில் 2 என்றும் ஒட்டி, மாறி மாறிப் பாவி. வேறு கம்பனிப் பற்றறி மலிவுதான். ஆனால் உன் கமராவுக்கான எல்பி-ஈ17 வகையில் சில, கனனின் சொந்தச் சாஜரில் ஏறாது. ஆகவே கனனுடையதையே வாங்கிவிட்டேன். எது வீங்கினாலும் அன்றே ஒதுக்கிவிடு.

பொதி கொண்டுவருகிறவரிடம் நான் இங்கே சொல்லிவிடுகிறேன், நீயும் அறிந்துகொள்: கழற்றிய லிதியம் பற்றறியை விமானத்தின் அடியில் போகும் பெட்டியில் வைக்க விடமாட்டார்கள். கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், முனைகள் எதிலும் முட்டாமல் உறை போட்டு. 100 வாட்-மணி வரை தனி அனுமதி வேண்டாம். உன்னுடையது 8ஐக்கூட எட்டாது. சாஜரின் அடியில் 100-240 என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினேன். இங்கே 120 வோல்ட், அங்கே 230. முள்ளுத்தான் வேறு; ஒரு அடப்டர் அங்கே எடுத்துக்கொள்.

ட்ரைபொட் உன் பட்டியலில் இல்லாதது எனக்குப் பெரிய ஆச்சரியம். ரிங் லைட்டையும் ஜிம்பலையும் எழுதின பிள்ளை ட்ரைபொட்டை மறந்துவிட்டாய். ஒரு தை மாதத்து விடியற்காலை கைதடி வீதியில் நின்று நீரேரியைப் பார். பனி விலகாத நேரம், வானத்தில் வெளிச்சம் வந்தும் நிலத்தில் வராத நேரம். அந்த வெளிச்சத்தில் முன்னால் உள்ள கண்டலும் தூரத்துப் பனையும் இரண்டும் தெளிவாக விழ வேண்டுமானால் லென்ஸின் துவாரத்தை எப்/8க்குச் சுருக்க வேண்டும்; சட்டர் அரைச் செக்கனுக்கோ அதற்கும் மேலோ திறந்திருக்கும். யாருடைய கையும் அவ்வளவு நேரம் ஆடாமல் நிற்காது. உன் லென்ஸை 55 மில்லிமீற்றருக்கு இழுத்துக் கையில் பிடித்து எடுக்க 1/90 செக்கனாவது வேண்டும்; லென்ஸில் உள்ள அதிர்வு தாங்கி இன்னும் கொஞ்சம் இறங்க விடும், அவ்வளவுதான். வெளிச்சம் போதாது என்று ஐஎஸ்ஓவை ஏற்றினால் படம் பொரிப்பொரியாக வரும். நல்ல வெளிச்சம் விடியலிலும் பொழுது சாய்கையிலும்தான் இருக்கிறது. அந்த இரண்டு நேரமும் ட்ரைபொட் இல்லாதவனுக்கு இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், இது என் சொந்தத் தீர்ப்பு. ட்ரைபொட் பழகுகிறவரை மெதுவாக்கும். காலை விரித்து, தலையை மட்டமாக்கி, கமராவைப் பூட்டி முடிப்பதற்குள் சட்டத்தின் நாலு மூலையையும் பார்த்துவிடுவாய். நான் ஸ்ரூடியோவில் வேலை பழகின காலத்தில் பிலிமில் 36 படம்தான் இருந்தது, பார்க்காமல் அடிக்க வழியே இல்லை. உனக்கு 2,000 இருக்கிறது. பார்க்க வைக்க ஒரு சாமான் வேண்டும்.

வாங்கும்போது பிளாஸ்ரிக் காலுள்ளதை எடுக்காதே, அது காற்றுக்கு ஆடும். ஒன்றரைக் கிலோ அளவில் அலுமினியக் காலுள்ளது உன் கமராவுக்குத் தாராளம். உயரம் தேவையென்றால் தடித்த மேற்கால்களை முதலில் இழு. அடியிலுள்ள மெல்லிய கால்களையும் நடுத்தண்டையும் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம். சோளகக் காற்றில் நடுத்தண்டின் கொக்கியில் உன் பையைத் தொங்கவிடு, ஆட்டம் நிற்கும். கமராவின் அடியில் பூட்டும் தட்டு சின்னச் சாமான், அதைத்தான் எல்லாரும் தொலைப்பார்கள். கழற்றினால் உடனே ட்ரைபொட்டிலேயே மாட்டிவிடு. ட்ரைபொட்டில் வைத்ததும் லென்ஸின் அதிர்வு தாங்கியை நிறுத்து. ரிமோட் வேண்டாம், கமராவில் உள்ள 2 செக்கன் தாமதமே அந்த வேலையைச் செய்யும். உவர் மண்ணில் காலை ஊன்றி எடுத்துவிட்டு வந்தால் கிணற்றடியில் நல்ல தண்ணி அள்ளி மூன்று காலையும் கழுவி, நீட்டிக் காயவிடு. கழுவாத கால் ஒரு மாரிக்குள் பூட்டுப் பிடித்துவிடும்.

இதைத் தூக்கிக்கொண்டு போக முடியாத இடத்துக்கு அக்காவிடம் சொல்லித் தடித்த சீலையில் ஒரு பை தைத்து உழுந்தையோ பயறையோ முக்கால்வாசி நிரப்பு. பாலத்துக் கட்டிலோ மதிலிலோ வைத்து அதன் மேல் கமராவை அழுத்தினால் அசையாது. சரசாலைக் குருவிக்காட்டுக்கு நீ பறவை பார்க்கப் போவதாக அண்ணன் சொன்னான். அங்கே ட்ரைபொட்டைவிட இந்தப் பைதான் கைகொடுக்கும்.

பறவை என்றதும் உன் 300 மில்லிமீற்றர் லென்ஸ் நினைவு வரும். அதை இந்த வருடம் அனுப்பமாட்டேன். நீ இன்னும் கிட்டப் போகப் பழகவில்லை. உன்னிடம் உள்ள 18-55 லென்ஸை வைத்துக்கொண்டு நீரேரிக் கரையில் அசையாமல் உட்கார்ந்திருக்கக் கற்றுக்கொள். எந்த நேரம் நாரைகள் இறங்குகின்றன, எந்தப் பக்கம் வெளிச்சம் விழுகிறது என்பதெல்லாம் தெரிந்த பிறகு நீளமான லென்ஸ் கிடைத்தால் அது வேலை செய்யும். அதற்கு முன்னால் கிடைத்தால் தூரத்துப் பறவையைக் கொஞ்சம் பெரிதாக மங்கலாக எடுத்துத் தரும்.

பிளாஷையும் வெட்டிவிட்டேன். அதற்குப் பதிலாக 50 மில்லிமீற்றர் எப்/1.8 லென்ஸ் ஒன்று வருகிறது. அது துணைச்சாமான் இல்லைத்தான். ஆனால் உன் 55இல் எப்/5.6 விடும் வெளிச்சத்தைப்போல ஏறத்தாழ 10 மடங்கு அது உள்ளே விடும். பின்னேரத்து விறாந்தையில், சாமத்திய வீட்டில் பிள்ளைக்கு ஆராத்தி எடுக்கும் நேரத்தில், இருக்கிற வெளிச்சத்திலேயே முகம் முகமாக விழும். நேரே முகத்தில் அடித்த பிளாஷ் எங்கள் நிறத்தைச் சுண்ணாம்பாக்கிவிடும். நிழற்பக்கத்தைத் தூக்க ரவுனில் ஒரு வெள்ளை ரெஜிபோம் பலகை வாங்கி வெட்டி வைத்துக்கொள். யன்னலுக்கு எதிர்ப்பக்கம் யாராவது பிடித்தால் போதும். அத்தானின் வெள்ளை வேட்டியும் அந்த வேலையைச் செய்யும். ஒரு வருடம் இப்படி எடுத்துப் பழகின பிறகு பிளாஷைப் பற்றிக் கேள், விளக்கமாக எழுதுகிறேன்.

பில்டர் செட் தேவையே இல்லை. அந்த நிறங்களெல்லாம் பிலிம் காலத்துக்கு உரியவை. உன் லென்ஸின் வாய் 58 மில்லிமீற்றர்; அந்த அளவில் இரண்டே இரண்டு அனுப்புகிறேன். ஒன்று யூவீ. அது படத்தை அழகாக்காது, உப்புத் தூறலையும் புழுதியையும் தான் வாங்கிக்கொள்ளும். இரவில் கோயில் மின்விளக்குகளை எடுக்கும்போது கழற்றிவிடு, இல்லாவிட்டால் விளக்குகளின் ஆவி உருவம் படத்தில் மிதக்கும். மற்றது போலரைசர். சூரியனுக்குப் பக்கவாட்டில் நின்று அதைச் சுழற்றினால் நீரேரியின் பளபளப்பு மறைந்து அடி தெரியும், வாழை இலையின் மினுக்கம் போய்ப் பச்சை தெரியும். வெளிச்சத்தில் முக்கால்வாசியை அது குடித்துவிடும், ஆகவே வீட்டுக்குள் போட்டுக்கொண்டு திரியாதே. லென்ஸ் முகப்பில் மாட்டும் குடையும் வைக்கிறேன். அதை எப்போதும் மாட்டியே வை; வெயிலையும் மறைக்கும், விழுந்தால் முதல் அடியையும் அது வாங்கும்.

பை பற்றி ஒன்றும் இல்லை. உன் பழைய பள்ளிக்கூடப் பையில் துவாயை மடித்து அடியில் போடு. கமராப் பை என்று தூரத்திலேயே தெரியும் பை களவெடுப்பவனுக்குத்தான் உதவும். மழைக்குப் பொலித்தீன் பையும் இறப்பர் வளையமும் எப்போதும் உள்ளே இருக்கட்டும். நல்லூரில் தேரன்று, திருவிழாவின் 24ஆம் நாள், வீதியெல்லாம் மணலும் சனமும். அந்த இடத்தில் லென்ஸ் மாற்றாதே. எந்த லென்ஸ் என்று வீட்டிலேயே முடிவெடுத்துவிட்டுப் போ. கோயிலுக்குள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை, வாசலோடு கமராவை மூடிவிடு. இராணுவ முகாம் வேலிகளின் பக்கம் கமராவைத் திருப்பாதே. ட்ரோன் ஆசையும் உனக்கு வரும். சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் அனுமதி இல்லாமல் அதைப் பறக்கவிட முடியாது.

இனிச் சொல்லப்போவதுதான் நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்ததற்கே காரணம். உன் பட்டியலில் எடுத்த படத்தைக் காலத்துக்கும் சேமித்து வைக்க ஒன்றுமே இல்லை. நான் இரண்டு ஹாட் டிஸ்க் அனுப்புகிறேன், ஒவ்வொன்றும் 1 ரீபீ. வெட்டின சாமான்களின் காசில் பெரும்பகுதி அதற்குத்தான் போனது.

அக்காவின் கலியாண அல்பம் உங்கள் வீட்டு அலுமாரியில் இருந்தது. 1995 ஒக்ரோபர் 30 இரவு சண்டையால் வலிகாமம் முழுவதும் எழும்பிப் போனது உனக்குத் தெரியும். மழைக்குள் நாவற்குழிப் பாலத்தில் நகர முடியாமல் சனம் நின்றது. கையில் எடுத்தது உடுப்பு, அரிசி, உறுதிப் பத்திரம், பிள்ளைகள். அல்பத்தை யார் நினைத்தார்கள்? அடுத்த வருடம் சித்திரைக்குப் பிறகு திரும்பி வந்தபோது அலுமாரியும் இல்லை, அல்பமும் இல்லை. இன்றைக்கு உங்கள் கூடத்தில் மாட்டியிருக்கும் அக்கா, அத்தான் படம் எங்கிருந்து வந்தது தெரியுமா? கலியாணம் முடிந்த கையோடு லண்டனில் இருந்த பெரியையாவுக்குக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பின பிரதி அது. யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகளில் இருக்கும் பழைய படங்களின் கதை இதுதான். வீட்டில் வைத்தது போய்விட்டது, வெளியூருக்கு அனுப்பினது மிஞ்சியது.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 புத்தகங்கள் போயின. அச்சான புத்தகங்களில் பலவற்றை வேறு இடத்தில் தேடி எடுத்தார்கள். ஒரே பிரதியாக இருந்த ஏடுகளை எவராலும் எடுக்க முடியவில்லை. கொழும்பில் லயனல் வென்ற் என்ற பெரிய ஒளிப்படக் கலைஞர் 1944இல் இறந்தார். அவருடைய நெகற்றிவ்கள் பிறகு அழிக்கப்பட்டுவிட்டன. அவர் கையால் அச்சிட்டு வைத்த படங்களால்தான் இன்றைக்கு அவரை நமக்குத் தெரியும். நம் ஊரையே எடுத்துக்கொள். 1560இல் போர்த்துக்கேயர் நல்லூரைப் பிடித்தபோது சங்கிலி மன்னன் கோப்பாய்க் கோட்டைக்குப் பின்வாங்கினான் என்று படித்திருப்பாய். அந்தக் கோட்டை எப்படி இருந்தது என்று காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது?

ஆகவே இப்படிச் செய். எடுத்த அன்று இரவே காட்டிலிருந்து முதல் டிஸ்க்குக்கு மாற்று. மாற்றி, திறந்து பார்த்து, இரண்டாவது டிஸ்க் வீட்டுக்கு வரும் நாளில் அதற்கும் மாற்று. இரண்டு இடத்திலும் படம் திறக்கும்வரை காட்டைப் போமற் செய்யாதே. வருடம், மாதம், நாள், இடம் என்று கோப்புறைக்குப் பெயர் வை. ‘புதுசு’, ‘கடைசி’ என்று வைத்தால் பத்து வருடம் கழித்து நீயே தேடிக் களைப்பாய். முதல் டிஸ்க் உன் மேசையில் இருக்கலாம். இரண்டாவது உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. இருபாலையில் பெரியம்மா வீட்டில், ஜெல் போட்ட இன்னொரு சின்னப் பெட்டிக்குள் வை. கிழமைக்கு ஒருக்கால் கொண்டுவந்து புதியவற்றை ஏற்றித் திருப்பிக் கொண்டுபோ. ஓடும்போது டிஸ்க்கை அசைக்காதே, கரண்ட் அடிக்கடி போய்வரும் நேரத்தில் மாற்றும் வேலையை வைத்துக்கொள்ளாதே. வெளியில் எடுக்கும்போதும் முக்கியமான ஒன்றிரண்டைக் கமராவின் வைபையால் உடனே போனுக்கு அனுப்பிவிடு.

மாதத்துக்கு ஒரு தடவை நல்லதாக நாலைந்தை ரவுனில் அச்சடி. பின்பக்கம் மெல்லிய பென்சிலால் யார், எங்கே, எப்போது என்று எழுது. அச்சுக்குக் கரண்ட் வேண்டாம், பாஸ்வேட் வேண்டாம்.

ஹாட் டிஸ்க்கில் இடம் நிறைய இருக்கும். அதை உன் புதுப் படங்களால் மட்டும் நிரப்பாதே. ட்ரைபொட்டின் தலையைக் கீழ்நோக்கி வளைத்து, விறாந்தை வெளிச்சத்தில் ஒரு மேசையை வைத்தால் பழைய படங்களைப் பிரதி எடுக்கும் வசதி உன் வீட்டிலேயே வந்துவிடும். அம்மம்மாவின் றங்குப்பெட்டியில் இருப்பவற்றிலிருந்து தொடங்கு. ஒவ்வொரு முகத்தையும் காட்டிப் பெயரைக் கேட்டு எழுது. அந்தப் பெயர்களைச் சொல்ல இப்போது அவ ஒருவதான் இருக்கிறா. பிறகு அயலுக்குள் போ. 2005இல் தொடங்கின நூலகம் திட்டம் நம்முடைய புத்தகங்களையும் பத்திரிகைகளையும் இப்படித்தான் ஒவ்வொன்றாக மின்பிரதி எடுத்துச் சேர்த்தது. அதைச் செய்தவர்களும் உன்னைப்போல இளம் ஆக்கள்தான். கோப்பாயின் வீட்டு அல்பங்களை உன்னால் செய்ய முடியும். கேட்கிற வீட்டுக்கு அவர்களுடைய படத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது ஒரு பிரதியும் சேர்த்துக் கொடு, காசு வாங்காதே.

வருகிறவர் நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னால் உங்கள் வீட்டுக்கு வருவார். பொதியைப் பிரித்ததும் காட் இரண்டையும் சோதி, டிஸ்க் இரண்டிலும் உன் பெயரையும் என் தொலைபேசி இலக்கத்தையும் எழுதி ஒட்டு. பெட்டியை ரவுனில் வாங்கும்வரை லென்ஸை உறையிலிருந்து வெளியே எடுத்து வை. அம்மம்மாவின் பெட்டியில் எடுக்கும் முதல் படங்களை மேகச் சேமிப்பில் போட்டு எனக்கும் திறந்துவிடு. ஒரு பிரதி ஸ்காபரோவிலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா